இடது செருப்பு குறித்து ஒரு முடிவு

குட்வில் எஸ்டேட்,
போர்ட் பிளேர்,
2 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை ஜெயலட்சுமிக்கு,

நானும் உன் அண்ணியும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அவ்வாறே இருப்பதாக எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, காப்பிக்குப் பின், குளியலுக்கு முன், இனிமேல் இடது காலில் செருப்பு அணிவதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு உடனடியாக அமலுக்கு வருகிறது. வலது காலைப் பொறுத்தவரை தற்போதைய நிலை தொடரும்.

ஹேடோ துறைமுக அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் எத்தனையோ முடிவுகளைத் தட்டச்சு செய்தவன் நான். எந்தக் கப்பல் கரையில் கட்டப்படும், எது வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் என்பதெல்லாம் என் விரல் வழியாகத்தான் உலகத்துக்குத் தெரிந்தது. ஆனால் எதையும் நான் எடுத்ததில்லை. அறுபத்தாறு வயதில் முதன்முதலாக ஒரு முடிவை நானே எடுத்து, நானே அமலாக்கி, நானே பாதிக்கப்பட்டும் இருக்கிறேன். உனக்குத் தெரிவிப்பது கடமை.

காரணம் சிறியது. கணுக்காலுக்குக் கீழே அந்தப் பழைய தார்த் தழும்பில் செருப்பு வார் உரசி, கொஞ்சம் தோல் வழன்றிருக்கிறது. கொசு கடித்த அளவு. உன் அண்ணியிடம் முடிவைத் தெரிவித்தேன். "தேக்கோ, செருப்பு வேணாம்னா போடாதீங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள். கேம்பல் பேயில் வளர்ந்தவள். கோபம் இந்தியில் தொடங்கித் தமிழில் முடியும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நம் வீட்டில் போன் அடித்தால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். அப்பா, அம்மா, பெரியப்பா மூவரும் போன் வழியாகத்தான் போனார்கள். எனவே கடிதமே போதும். முகவரியில் ஸ்ரீ விஜயபுரம் என்று புதுப் பெயரை எழுது. கடிதம் போர்ட் பிளேருக்கு வந்து சேரும்.

உன் முழங்கால் வலி எப்படி?

அன்புடன்,
முத்துகிருஷ்ணன்


ஆதம்பாக்கம்,
சென்னை,
19 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். இங்கே இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. என் முழங்கால் கட்டுக்குள் இல்லை. மற்றபடி குறையில்லை.

உங்கள் முடிவை வீட்டில் சத்தமாக வாசித்தேன். இவர் எழுந்து நின்று கேட்டார்.

தழும்பு என்றதும் எனக்கு அட்லஸ் ஞாபகம் வந்துவிட்டது. அந்தத் தழும்பு அச்சாகப் பெரிய நிக்கோபார் தீவு மாதிரி இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது நான்தானே? உங்கள் பள்ளிக்கூட அட்லஸைக் காலுக்குப் பக்கத்தில் விரித்து வைத்து, பேனாவால் ஊர்ப் பெயர்களை எழுதினேன். கேம்பல் பே, கலாத்தியா, தெற்கு முனை. நீங்கள் குளித்தால் அழிந்துவிடும் என்று உங்களைக் குளிக்கவே விடவில்லை. அம்மா வந்து இருவரையும் சேர்த்து அடித்தாள். இப்போது வழன்றிருப்பது எந்த ஊர்?

ஆபீஸ் விஷயமும் கொஞ்சம் சொல்கிறேன். என் வேலை என்ன என்று நீங்கள் முப்பத்திரண்டு வருடமாகக் கேட்டதில்லை. ஜூனில் ரிட்டயர் ஆகப் போகிறேன், இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள். நம் உடம்பின் சதையையும் தோலையும் கட்டி வைத்திருப்பது கொலாஜன் என்ற கயிறு. கயிற்றை அறுக்க உடம்பே சில நொதிகளைச் செய்கிறது. கொலாஜனேஸ் அதில் ஒன்று. கத்தரிக்கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். புண் ஆற வேண்டுமானால் செத்துப்போன பழைய கயிறுகளை இந்தக் கத்தரி வெட்டி வழிவிட வேண்டும். அந்த வழியில் புதுச் செல்கள் ஊர்ந்து வந்து புதுக் கயிறு திரிக்கும். வேலை முடிந்ததும் கத்தரியைப் பிடித்து நிறுத்த வேறொரு புரதம் வரும். அவ்வளவுதான்.

பழைய தழும்பில் கயிறெல்லாம் தாறுமாறாக முறுக்கிக் கிடக்கும், கத்தரி திணறும். அதற்கென்றே கொலாஜனேஸ் களிம்பு கடையில் கிடைக்கிறது. எதிர்வீட்டு சந்திரமோகன் 27-ம் தேதி விமானத்தில் அங்கே வருகிறார். ஒரு டியூப் கொடுத்தனுப்புகிறேன். தினம் ஒரு தடவை, கழுவிவிட்டு.

எத்தனை நாளாக இருக்கிறது என்று எழுதுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை,
ஜெயா


குட்வில் எஸ்டேட்,
14 மார்ச் 2025

அன்புள்ள ஜெயாவுக்கு,

சுகம். களிம்பு பழுதின்றி வந்து சேர்ந்தது. சந்திரமோகன் அதைச் சட்டைப் பையிலேயே வைத்து வந்தாராம், உன் உத்தரவுப்படி.

நீ கேட்ட ஊர் கேம்பல் பே. உன் அண்ணியிடம் சொன்னேன். "நா வளந்த ஊர்தான் கெடச்சுதா ஒங்க புண்ணுக்கு?" என்றாள். காலையில் களிம்பு பூசும்போது அந்தப் பக்கமாகவே வருவதில்லை.

எத்தனை நாளாக என்று கேட்டிருக்கிறாய். நாள் என்றதும் எனக்கு 1973 ஏப்ரல்தான் ஞாபகம் வருகிறது. மெட்ராஸ் கப்பல் வரும் நாள். அதில் பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார் என்று, ஹேடோ குவார்ட்டர்ஸிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் சாலைக்கு அன்று காலையில்தான் தார் போட்டார்கள். அதே கப்பலில் லீவு முடிந்து அப்பாவும் வருகிறார். உனக்கு ஏழு வயது. முந்தைய கப்பலில் அப்பா அனுப்பிய சிவப்புச் செருப்பைப் போட்டிருந்தாய், பிளாஸ்டிக் பூ வைத்தது. "செருப்பு அழுக்காயிரும்" என்று சாலை ஓரத்தில் நின்று அழுதாய். உன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். டிரம் சாய்ந்து தார் குளமாகக் கிடந்த இடத்தில் என் இடது செருப்பு ஒட்டிக்கொண்டது. காலை எடுத்தேன், செருப்பு வரவில்லை. அடுத்த அடி வெறுங்காலோடு. அதற்கப்புறம் தார்க் குளத்தின் கரை வரை பன்னிரண்டு அடி. உன்னைக் கீழே போடவில்லை. கப்பலிலிருந்து இறங்கிய அப்பா என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "இன்னொரு செருப்பு எங்கடா?"

அந்தச் சாலைக்கு அதன் பிறகு எத்தனையோ தடவை தார் போட்டுவிட்டார்கள். யாரும் தோண்டியதாகத் தெரியவில்லை. செருப்பு இன்னும் அடியில்தான் இருக்க வேண்டும்.

உன் கத்தரி விஷயம் எனக்கு நன்றாகவே புரிந்தது. கப்பலைக் கரையில் கட்டும் கயிறும் அப்படித்தான். அவிழ்க்க வேண்டிய நேரத்தில் அவிழ்க்காவிட்டால் கப்பல் போகாது. உத்தரவில்லாமல் அவிழ்த்தால் தன்னால் மிதந்து போய் எதிலாவது மோதும். கத்தரியைப் பிடித்து நிறுத்தும் அந்தப் புரதம், சார்ஜ் ஒப்படைக்காமல் லீவில் போய்விட்டால் என்ன ஆகும்? எங்கள் அலுவலகத்தில் நடந்திருக்கிறது.

உன் முழங்காலுக்கு இங்கே ஒரு தைலம் உண்டு. வேண்டுமென்றால் எழுது.

அண்ணன்


ஆதம்பாக்கம்,
2 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சிவப்பு இல்லை, அது ரோஸ் நிறம். மற்றதெல்லாம் சரி. உங்கள் தோளில் இருந்தபடி நான் கப்பலுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஏன் அவ்வளவு வேகமாக நடக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஜோராக இருக்கிறது என்று தலையில் தட்டினேன். ஆஸ்பத்திரியில் மண்ணெண்ணெய் விட்டுத் தாரைத் துடைத்தபோதுதான் தோலும் சேர்ந்து வந்ததைப் பார்த்தேன்.

நீங்கள் கேட்ட கேள்வி பெரிய கேள்வி. சார்ஜ் ஒப்படைக்காமல் லீவில் போனால் அதற்குப் பெயர் புற்று. புற்றுச் செல்களும் அதே கத்தரியைத்தான் எடுத்துக்கொள்கின்றன. கயிறுகளை அறுத்து, வேலியைத் தாண்டி, ரத்தக் குழாய்க்குள் இறங்கி, வேறு ஊருக்குப் போய்க் குடியேறுகின்றன. கத்தரியில் வித்தியாசம் இல்லை. மேஸ்திரி இல்லாததுதான் வித்தியாசம். நாங்கள் ஜெலட்டின் ஜெல்லில் சாம்பிளை ஓட்டி, நீலச் சாயம் போடுவோம். நொதி ஜெலட்டினைத் தின்ற இடம் மட்டும் நீலம் பிடிக்காமல் வெள்ளைக் கோடாக நிற்கும். புண்ணிலிருந்து எடுத்தாலும் அதே கோடுகள், புற்றிலிருந்து எடுத்தாலும் அதே கோடுகள். கோட்டை மட்டும் பார்த்து எது எது என்று சொல்லிவிட முடியாது. முப்பத்திரண்டு வருடமாக இதை ஆராய்ந்து, ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் மேலும் ஆராய்ச்சி தேவை என்று எழுதியிருக்கிறோம்.

'கத்தரியையே சஸ்பெண்ட் செய்தால் என்ன' என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். செய்து பார்த்தார்கள். அதைத் தடுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். நோயாளிகளுக்கு மூட்டு வலி வந்தது, புற்று நிற்கவில்லை. நல்ல வேலையும் கெட்ட வேலையும் ஒரே ஊழியர் செய்தால் அதுதான் கஷ்டம்.

உங்கள் புண் வெறும் புண்தான். இருந்தாலும் ஒழுங்குக்காக மூன்று கேள்விகள். ஒன்று, அளவு எத்தனை சென்டிமீட்டர்? இரண்டு, தொட்டால் ரத்தம் கசிகிறதா? மூன்று, ஓரம் தட்டையாக இருக்கிறதா, மேடாக இருக்கிறதா?

பதில் தாமதிக்க வேண்டாம்.

ஜெயா


குட்வில் எஸ்டேட்,
18 மே 2025

அன்புள்ள ஜெயாவுக்கு,

இங்கு மழை பிடித்துக்கொண்டது. தபால்காரர், நான், உன் அண்ணி மூவரும் நலம். தாமதத்துக்கு மழையே பொறுப்பு.

உன் கேள்விகளை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

அளவு. சென்டிமீட்டரில் சொன்னால் உனக்குப் பிடிக்காது. கேம்பல் பே ஊரைத் தாண்டி, கிழக்குக் கரையோரமாகவே கலாத்தியா வரை ரோடு போட்டிருக்கிறது. நான் அனுமதி கொடுக்கவில்லை.

ரத்தம். சில காலைகளில், துண்டு பட்டால். துண்டு சொரசொரப்பானது.

ஓரம். கரை சற்று மேடாகியிருக்கிறது. 2004-ல் கடல் வந்தபோது பெரிய நிக்கோபாரின் தெற்கு முனை தண்ணீருக்குள் தாழ்ந்தது உனக்குத் தெரியும். அங்கே இறங்கிய கரை இருபது வருடம் கழித்து என் காலில் ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொள். தீவு தீவுதான், எங்கேயாவது ஈடு கட்டிவிடும்.

களிம்பு தீரும் நிலையில் இருக்கிறது.

கடைத்தெருவில் ஜெய்னுதீன் உன்னை விசாரித்தார். குவார்ட்டர்ஸ் பின்சுவர் ஏறி நம்மோடு புளியங்காய் பறித்த அதே ஜெய்னு. தன் அப்பாவின் செருப்புக் கடையைத்தான் இன்னும் நடத்துகிறார். "தங்கச்சி இப்போ பெரிய சயின்டிஸ்ட்டாமே? அன்னிக்கு எங்கடையில ரோஸ் கலர்தான் வேணும்னு உருண்டுச்சே, அந்தப் புள்ளையா?" என்றார். எனவே ரோஸ் நிறம் என்று ஒப்புக்கொள்கிறேன். மெட்ராஸிலிருந்து அப்பா அனுப்பினார் என்பதும் தவறு. ஐம்பது வருடமாக ஒரு தவறான தகவலைப் பரப்பியிருக்கிறேன்.

ரிட்டயர்மென்ட் விழாவில் என்ன பேசப் போகிறாய்?

அண்ணன்


ஆதம்பாக்கம்,
30 மே 2025

அன்புள்ள அண்ணா,

நலம். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "நான் அனுமதி கொடுக்கவில்லை" என்பதை லேபில் ப்ரியங்காவிடம் சொன்னேன். என் நாற்காலிக்கு வரப்போகும் பெண். உங்கள் அண்ணன் எழுத்தாளரா என்று கேட்டாள். கிளார்க் என்றேன்.

ஜெய்னு இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறானா! புளியங்காய் மூட்டையோடு சுவரில் அவன் மாட்டிக்கொண்டு, நீங்கள் இறக்கிவிடக் காசு கேட்டதையும் சொன்னானா? அந்தச் சுவர் இருக்கிறதா? குவார்ட்டர்ஸ் குழாயில் காலை நான்கு மணிக்கு வரும் தண்ணீர், கப்பல் சங்கு கேட்டதும் வாளியைப் போட்டுவிட்டு ஓடும் அம்மாக்கள், இங்கே யாரிடம் சொன்னாலும் அந்தமானில் மனிதர்கள் இருந்தார்களா என்று கேட்கிறார்கள்.

இன்னொரு டியூப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பழைய தழும்பு, மெதுவாகத்தான் ஆறும். பொறுமை வேண்டும்.

விழா அடுத்த மாதம் 30-ம் தேதி. சால்வை போர்த்துவார்களாம். ஜூன் மாதம் சென்னையில் சால்வை.

ஜெயா


குட்வில் எஸ்டேட்,
21 ஜூலை 2025

ஜெயாவுக்கு அழகம்மா எழுதுவது.

நல்லா இருக்கியா, வீட்டுக்காரர் நல்லா இருக்காரா. நான் லெட்டர் எழுதி இருபது வருஷம் இருக்கும். தப்பிருந்தா பொறுத்துக்க. உங்க அண்ணன் இப்ப தூங்குறார், பகல்லயே. முன்னெல்லாம் பகல்ல தூங்க மாட்டார்.

நீ மருந்து அனுப்புறேன்னு நானும் நம்பிட்டேன். படிச்சவ, அதுலயே வேல பாக்குறவ, அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு. நேத்து உன் லெட்டரெல்லாம் எடுத்து வாசிச்சேன். அப்பதான் தெரிஞ்சுது, அவரு உனக்கு ஒண்ணும் சொல்லலன்னு.

அந்தப் புண்ணு இப்ப வந்ததில்ல ஜெயா. மூணு வருஷம் ஆச்சு. ஆறும், ஒடையும், ஆறும், ஒடையும். இடது கால்ல செருப்பு போடாமலும் மூணு வருஷம். உனக்கு பிப்ரவரியிலதான் அறிக்க அனுப்பியிருக்காரு. கொசு கடிச்ச அளவாம். என் உள்ளங்கை அளவு இருக்கு. ஓரமெல்லாம் காலிஃப்ளவர் மாதிரி தடிச்சுப் பொங்கி நிக்குது. வாடை வருது. தொடை இடுக்குல ஒரு கட்டி, நெல்லிக்கா அளவு. நேத்து நானே தொட்டுப் பாத்தேன், கைய தட்டி விட்டாரு.

கேம்பல் பேயாம், கலாத்தியாவாம், மண்ணாங்கட்டியாம். நான் அங்க வளந்தவ. எங்க ஊரு அவ்வளவு நாறாது.

டாக்டர்கிட்ட வாங்கன்னா, "தங்கச்சி பாத்துக்கிட்டிருக்கா"ங்கிறாரு. சரி, அவகிட்ட முழுசாச் சொல்லுங்கன்னா, "வேணாம் அழகு, அவளுக்குத் தெரிஞ்சா அந்தச் செருப்ப நெனச்சு அழுவா"ங்கிறாரு. அம்பது வருஷத்துக்கு முன்னாடி போட்ட செருப்பு. ரெண்டு பேருக்கும் பைத்தியமா?

நான் எழுதினது அவருக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சாலும் பரவால்ல.

அழகம்மா


ஆதம்பாக்கம்,
26 ஜூலை 2025

அண்ணா,

நேற்று மாலை போன் செய்தேன். எடுத்ததும் "யாரு போய்ட்டா?" என்றீர்கள். "யாரும் போகலண்ணா" என்றேன். "அப்போ எதுக்குப் போன்?" என்று வைத்துவிட்டீர்கள். அதன் பிறகு எடுக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன். விமானத் தபாலில், பணம் அதிகம் கட்டி.

களிம்பை இன்றே நிறுத்துங்கள். அது உங்கள் புண்ணை இன்னும் கெடுத்திருக்காது. ஆனால் ஐந்து மாதம் காத்திருக்க வைத்தது. அனுப்பியது நான்.

நீங்கள் எனக்கு எதையும் மறைக்கவில்லை என்று அண்ணியிடம் சொல்லுங்கள். உங்கள் மே மாதக் கடிதம் என் முன்னால் இருக்கிறது. பரவுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ரத்தம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஓரம் மேடு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்ட மூன்றுக்கும் பதில் இருக்கிறது. நான் சிரித்தேன். லேபில் வாசித்துக் காட்டினேன். தீக்காயத் தழும்பில் பல வருடம் கழித்துக் கிளம்பும் புற்று பற்றி வருடா வருடம் இளம் டாக்டர்களுக்குப் பாடம் எடுத்தவள் நான். சென்டிமீட்டரில் எழுதியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

இது கைக்குக் கிடைத்த மறுநாள் காலையே அண்ணியோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஓரத்திலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். நடுவிலிருந்து இல்லை, ஓரத்திலிருந்து. முடிவு வந்ததும் இங்கே வாருங்கள். அறை தயாராக இருக்கிறது.

செருப்பை நினைத்து நான் அழுவேன் என்று நீங்கள் நினைத்தது சரி. அழுதுவிட்டேன். முடிந்தது. இனி அந்தக் காரணம் செல்லாது.

ஜெயா


குட்வில் எஸ்டேட்,
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜெயாவுக்கு,

உத்தரவுப்படி ஆஸ்பத்திரி சென்றேன். உன் அண்ணி என் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். கல்யாணத்துக்குப் பிறகு பொது இடத்தில் இதுவே முதல் தடவை.

டாக்டர் இளைஞர். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இத்னே தின் க்யா கர் ரஹே தே, அங்கிள்?" என்றார். எனக்கு இந்தி வராது என்றேன். அறுபது வருடம் இந்தியில் மீன் வாங்கியவன். "சரிங்கய்யா, தமிழ்லயே கேக்குறேன். இத்தன நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றார். பரமக்குடிக்காரராம். செருப்புப் போடாமல் இருந்தேன் என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

துண்டு ஓரத்திலிருந்து எடுக்கப்பட்டது. நேற்று முடிவு வந்தது. தழும்பில் தோன்றிய தோல் புற்று. படம் எடுத்ததில் குதிகால் எலும்பு வரை போயிருக்கிறது. இடுக்கில் இருக்கும் கட்டியையும் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். கயிறுகள் அறுந்ததைப் பற்றி அறிக்கையில் ஒன்றும் இல்லை. அது உன் இலாகா.

முன்பே வந்திருந்தால் என்று டாக்டர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினார். உன் அண்ணி வெளியே தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். முடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நல்ல பையன், முடிக்கவில்லை.

18-ம் தேதி விமானத்தில் வருகிறோம். கப்பலில்தான் வர நினைத்தேன். மூன்று நாளாகும் என்று மறுத்துவிட்டார்கள். ஒரே ஒரு வேண்டுகோள். ஆஸ்பத்திரியில் ரோஸ் நிறச் செருப்பைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

உன் கடிதத்தில் சுகம் விசாரிக்க மறந்துவிட்டாய். பரவாயில்லை. நீ சுகமா?

அண்ணன்


ஆதம்பாக்கம்,
18 டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. சுகம்தானே? கக்கத்துக் கட்டை பழகிவிட்டதா? நீங்கள் இருந்த அறையில் இவர் இப்போது பேப்பர் படிக்கிறார். சத்தமாகப் படித்து எதிர்வாதம் செய்ய ஆளில்லாமல் சீக்கிரம் முடித்துவிடுகிறார்.

மூன்றரை மாதம் ஒரே வீட்டில் இருந்தோம். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்த அன்று மட்டும்தான் நீங்கள் மயக்க மருந்தில் தூங்கினீர்கள். மற்ற நாளெல்லாம் ஹேடோ கதைதான். கதிர்வீச்சுக்கு இருபத்தைந்து நாள் ஆட்டோவில் போய் வந்தோமே, அதில் இருபது நாள் புளியமரம், நான்கு நாள் குழாயடி. ஒரு நாள் மட்டும் நான் செருப்புப் பேச்சை ஆரம்பித்தேன். "ஜெயா, ரூல்ஸ்" என்றீர்கள். நிறுத்திவிட்டேன்.

நேற்று மறுபரிசோதனை அறிக்கைகளை வாங்கிவந்தேன். எடுத்த ஏழு நெறிக்கட்டிகளில் ஒன்றில் இருந்தது என்பது நமக்குத் தெரிந்ததே. நீங்கள் கிளம்பும் முன் எடுத்த படத்தில் வேறெங்கும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்.

வெட்டியெடுத்ததை ஆராய்ச்சிக்குத் தர அன்று மூன்று படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்கள் அல்லவா? கையெழுத்துக்குக் கீழே பதவி என்று இருந்த இடத்தில் 'உரிமையாளர்' என்று எழுதினீர்கள். எண் 117 என்று அதில் பார்த்துவிட்டு, "ஒங்க லேபுக்கு வந்தா நலம் விசாரி" என்றீர்கள்.

வந்தது. ப்ரியங்கா போன வாரம் ஓட்டினாள். நான் பழைய சினேகத்தில் டீ குடிக்கப் போனவள், பார்த்துவிட்டேன். நீல ஜெல், விளக்குப் பெட்டி மேல். பக்கத்தில் வேறு யாரோ ஒருவரின் ஆறிவரும் புண்ணிலிருந்து எடுத்தது. இரண்டிலும் அதே இடத்தில் வெள்ளைக் கோடுகள். 117-ல் தடிமன் அதிகம். "ரொம்ப க்ளியரா வந்திருக்கு மேடம், இதையே கட்டுரையில போடலாம். இது யாரோடதுன்னு தெரியுமா?" என்று கேட்டாள். எங்களுக்கு எண்கள் மட்டும்தான் தெரியும் என்றேன். நான் சொல்லிக்கொடுத்த விதிதான்.

நலம் விசாரித்தேன், அண்ணா.

அண்ணிக்கு என் அன்பு. அடுத்த கடிதத்திலிருந்து சென்டிமீட்டரில்.

ஜெயா


குட்வில் எஸ்டேட்,
20 ஜனவரி 2026

அன்புள்ள ஜெயாவுக்கு,

நலம். உன் அண்ணியும் நலம். அவள் சொல்லிக் கேட்கும் ஆளாக நான் மாறிவிட்டதில் கொஞ்சம் போரடிக்கிறது என்கிறாள்.

சென்னையில் அளவெடுத்து, போட்டுப் பார்த்து, திருத்தம் சொல்லிவிட்டு வந்த கால், போன வெள்ளிக்கிழமை கப்பலில் வந்து சேர்ந்தது. ஹேடோவில் நானே போய்ப் பெற்றுக்கொண்டேன். என் பழைய மேசையில் இப்போது ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஐட்டம் க்யா ஹை, அங்கிள்?"

"பைர்."

"கிஸ்கா?"

"மேரா."

பொருள் கால், அதுவும் என் கால் என்றதும் கக்கத்துக் கட்டையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், எழுந்து நின்றுவிட்டாள். உட்காரம்மா, எத்தனையென்று எழுது என்றேன். எண்ணிக்கை ஒன்று என்று எழுதினாள். எடை, இரண்டு கிலோ நூறு கிராம். நீளம், முப்பத்தெட்டு சென்டிமீட்டர்.

திரும்பும்போது ஆட்டோவை மெதுவாக விடச் சொன்னேன். குவார்ட்டர்ஸ் பின்சுவரை இடித்துவிட்டு வேலி போட்டிருக்கிறார்கள். புளியமரம் இருக்கிறது. சாலையில் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ பெரியவர் வருகிறாராம். உன் அண்ணி, "பாத்துப் போப்பா, ஓரமாப் போ" என்று ஆட்டோக்காரனை மூன்று மொழியில் பிடித்துக்கொண்டாள்.

ஜெய்னுதீன் கடையிலும் நிறுத்தினோம். "மூணு வருஷமா ஒங்களுக்கு வலது செருப்பு மட்டும் தேயுது சார், நானும் கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன்" என்றார். எல்லோரும் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். உன்னையும் விசாரித்தார்.

முழங்கால் தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டுப் பூசு.

அன்புடன்,
அண்ணன்

பி.கு.: காலோடு ஒரு குறிப்புத்தாள் வந்திருக்கிறது. நான்காம் விதிப்படி, இதைச் செருப்பில்லாமல் பயன்படுத்தக் கூடாது. இரண்டு பக்கமும் உயரம் ஒன்றாக இருக்க வேண்டும். எனவே 2 பிப்ரவரி 2025 தேதியிட்ட முடிவு வாபஸ் பெறப்படுகிறது. இன்று காலை ஏழு மணி பத்து நிமிடம் முதல் இரண்டு காலிலும் செருப்பு அணிகிறேன்.